ஆதிமுதலைக்கு ஒரு மணிமண்டபம்

ஒரு காட்டில் ஒரு சங்கம் இருந்தது. கதை என்றால் சிங்கம் அல்லவா இருக்க வேண்டும் என்று கேட்பீர்கள். சிங்கம் எப்போதோ காட்டை விட்டுப் போய்விட்டது. அது போன பிறகு காலியான இடத்தில் சங்கங்கள் முளைத்தன. மான்களுக்கு ஒன்று, எருமைகளுக்கு ஒன்று, குரங்குகளுக்கு இரண்டு. குரங்குகளுக்குள் தலைவர் பதவியில் தகராறு.

நான் சொல்ல வந்தது உடும்பு, ஓணான், அரணை, பல்லி நான்கும் சேர்ந்து நடத்திய 'அகில வனச் செதிலினப் பேரவை' பற்றி. இந்தக் கதையைச் சொல்லும் நான் ஒரு பல்லி. பேரவையில் எனக்கு ஒரு பதவி உண்டு. பதவியின் பெயர் 'சத்தியவாக்கு'. பெயரைக் கேட்டு மிரண்டுவிட வேண்டாம். வேலை, ச்சு கொட்டுவது.

யாராவது ஏதாவது சொல்லும்போது பக்கத்தில் ஒரு பல்லி 'ச்சு ச்சு' என்று சொல்லிவிட்டால், சொன்னது உண்மை என்று அர்த்தம். உடனே எல்லோரும் விரலால் தரையைத் தட்டி ஏற்றுக்கொள்வார்கள். இதை யார் ஆரம்பித்து வைத்தார்களோ, அவர்கள் வீட்டில் விளக்கெரியட்டும், எங்கள் பிழைப்பு ஓடுகிறது. பல்லிக்கு உண்மை எல்லாம் தெரியாது. பசித்தால் ச்சு கொட்டுவோம். பக்கத்துச் சுவர்ப் பல்லியைத் திட்டுவதற்கும் அதே ச்சுதான். ஆனாலும் தலைவர் பேசும் ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் நான் மைக் கம்பத்தில் தொங்கிக்கொண்டு ச்சு கொட்டுவேன், கூட்டம் தரையைத் தட்டும். கூலி ஒரு தொன்னை ஈசல். ஒருமுறை மைக் கீச்சிட்ட பயத்தில் என் வால் கழன்று மேடையில் விழுந்து துள்ளியது. அதைத் தலைவருக்குக் கிடைத்த கைதட்டல் என்று எடுத்துக்கொண்டார்கள். நானும் மறுக்கவில்லை.

தலைவர் ஓர் உடும்பு. பெயர் உடும்பரசர். மைக்கைப் பிடித்தால் விடமாட்டார். செயலாளர் ஓணானுக்குத் தலை மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கும். எங்கள் பேரவையில் எல்லாத் தீர்மானமும் ஒருமனதாக நிறைவேறியதற்கு அதுதான் காரணம். வரலாற்றுக் குழுவுக்குத் தலைவராக அரணையைப் போட்டிருந்தார்கள். கடிக்க வந்துவிட்டு, வந்த காரணம் மறந்து திரும்பிப் போகிற பிராணி என்று உலகமே சொல்லும் அதே அரணைதான். வரலாற்றுக்கு வேறு யாரும் மனு போடவில்லை.

பேரவைக்கு ஒரே குறை, பெருமைப்பட ஒரு மூதாதை இல்லை. சிரிக்காதீர்கள். என் சித்தப்பா ஊருக்குள் ஒரு வீட்டுச் சுவரில் வாழ்ந்தவர். விளக்குமாற்றைப் பார்க்காத நாள் அவருக்கு இருந்ததில்லை. நாங்கள் யார் தலையிலாவது தவறி விழுந்தால், விழுந்தவனுக்கு அடிபட்டதா என்று கேட்கமாட்டார்கள், நேராகக் குளிக்கப் போவார்கள். இப்படி வாழ்கிற எங்களுக்கும் ஆண்ட பரம்பரை என்று சொல்லிக்கொள்ள ஆசை இருக்காதா?

அந்த நேரத்தில்தான் பெருச்சாளி வளை தோண்டும்போது ஓர் எலும்பு கிடைத்தது. ஒரு முழ நீளம் இருக்கும். பெருச்சாளி எங்கள் இனமில்லை. பேரவையின் கட்டட வேலைகளுக்கெல்லாம் அதுதான் கான்ட்ராக்டர். எலும்பைக் கொண்டுவந்து அரணை முன்னால் வைத்தது. அரணை எலும்பை மோந்து பார்த்தது, நக்கிப் பார்த்தது.

"இது ஆதிமுதலையோட சுண்டுவிரல் நுனி" என்றது.

சுண்டுவிரல் நுனியே ஒரு முழம் என்றால் முழு உடம்பு எவ்வளவு இருக்கும்? முதல் கூட்டத்தில் முப்பது அடி என்றார்கள். அரணைக்கு ஒரு கூட்டத்தில் சொன்னது அடுத்த கூட்டத்தில் ஞாபகம் இருக்காது. குறைத்துச் சொன்னால் அடி விழும் என்பது மட்டும் நன்றாக ஞாபகம் இருந்தது. ஆகவே முப்பது நாற்பதாகி, கடைசியில் அறுபதில் வந்து நின்றது. ஓணான் தலையாட்டியது. நான் ச்சு கொட்டினேன். ஆதிமுதலை யானையை வாயில் கவ்வியிருக்கிற மாதிரி ஃபிளெக்ஸ் போர்டு வைத்தோம். யானைச் சங்கம் சண்டைக்கு வந்ததால், படத்தில் தும்பிக்கையை மட்டும் அழித்துவிட்டு எருமை என்று எழுதினோம். பேச்சில் யானை யானையாகவே இருந்தது.

பிறகு மணிமண்டபம் கட்டுவது என்று தீர்மானம் வந்தது. உள்ளே அறுபது அடிச் சிலை. இடம் வேண்டுமே? ஆற்றங்கரை யானைகளுடையது. புல்வெளி எருமைகளுடையது. பாசிக்குட்டை மட்டும்தான் யாருடையதும் இல்லை. அதில் நத்தைகளைத் தவிர ஒன்றும் கிடையாது என்றார்கள். குட்டையை மண்ணைப் போட்டு மூடுவதற்குப் பெருச்சாளியிடம் பேசி முடித்தாயிற்று.

அடிக்கல் நாட்டு விழாவுக்கு முந்தின நாள் காலையில், இடத்தில் சகுனம் பார்த்துவிட்டு வரச்சொல்லி என்னை அனுப்பினார்கள். குட்டையில் பாதி முங்கியிருந்த ஒரு கல்லின் மேல் ஏறி நின்று தொண்டையைச் செருமினேன்.

"கொஞ்சம் தள்ளி உக்காருங்க. மூக்கு கூசுது" என்றது கல்.

நான் குதித்த குதியில் மீதி வாலும் போயிருக்கும். நல்லவேளை, அது இன்னும் சரியாக முளைக்கவில்லை. கரைக்கு ஓடி வந்து திரும்பிப் பார்த்தேன். தண்ணீரிலிருந்து ஓர் உருவம் மெல்ல ஏறி வந்தது. பள்ளிக்கூட பெஞ்சு நீளம். வெட்டிவிட்ட மாதிரி குட்டை மூக்கு. வாய்க்குள் புளியங்கொட்டை போலப் பற்கள்.

"நீங்க யாரு?" என்றேன்.

"மொண்ணையன்னு கூப்பிடுவாங்க. இப்பக் கூப்பிட யாரும் இல்ல."

"முதலையா?"

"முதலைதாங்க. பழைய மாடல். மத்தவங்க எல்லாம் மூக்கு நீண்டு, பல்லு கூராகி ஆத்துக்குப் போயிட்டாங்க. நாங்க மாறல. நத்தை கெடைச்சுட்டு இருந்துச்சு, எதுக்கு மாறணும்னு இருந்துட்டோம். ஒவ்வொருத்தரா போயி, இப்ப நான் ஒருத்தன்தான்."

சொல்லிக்கொண்டே ஒரு நத்தையை வாயில் போட்டுக் கடித்தது. 'கடக்' என்று ஓடு உடைந்தது. அறுபது அடி என்று நான் எத்தனையோ தடவை ச்சு கொட்டிய ஆதிமுதலை, என் எதிரில் நத்தை ஓட்டைத் துப்பிக்கொண்டிருந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. அதைக் காட்டிக்கொள்ளாமல் மணிமண்டப விஷயத்தைச் சொன்னேன்.

மொண்ணையனின் கண் பெரிதானது. "எங்களுக்கா? மணிமண்டபமா? எங்கம்மா இதக் கேக்க இல்லாம போயிட்டாளே! சிலையெல்லாம் வேறயா? நல்லாருங்க, நீங்க எல்லாரும் நல்லாருங்க. எந்த இடத்துல கட்டறீங்க?"

"இந்த இடத்துலதான். குட்டைய மூடிட்டு."

மொண்ணையன் அடுத்த நத்தையை வாயில் வைத்திருந்தது. கடிக்கவில்லை. வெகுநேரம் அப்படியே வைத்துக்கொண்டிருந்துவிட்டு, மெதுவாக மறுபடி தண்ணீரில் விட்டது.

"அப்ப நான் எங்கங்க போறது? ஆத்துக்குப் போனா நீளமூக்குக்காரங்க என்னையே முழுங்கிடுவாங்க. வேற எங்கயும் நத்தை கிடையாது. இந்தப் பல்லு வேற எதையும் கடிக்காதுங்க."

நெஞ்சு வலித்தது. பல்லிக்கு நெஞ்சு என்று ஒன்று இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அழிந்துபோன முதலைக்கு மண்டபம் கட்டுகிறோம் என்று கிளம்பி, மண்டபத்தைக் கட்டியே அதை அழிக்கப் போகிறோம்.

"நாளைக்கு விழாவுக்கு வாங்க. மைக்குல வந்து உங்க வாயாலயே சொல்லுங்க. நம்ப மாட்டாங்கன்னு பயப்பட வேணாம். நான் ச்சு கொட்டறேன். நான் கொட்டிட்டா காட்டுல மறுபேச்சு கிடையாது" என்றேன்.

"சத்தியமா?"

"என் பதவியே அதுதாங்க."

மறுநாள் விழா. வாழைமரம் கட்டியிருந்தார்கள். ஒலிபெருக்கி அலற, நத்தைகள் பயந்து ஓட்டுக்குள் போய்விட்டன. எலும்பைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து மாலை போட்டிருந்தார்கள். பெருச்சாளி தன் ஆட்களோடு மண்குவியல் பக்கத்தில் தயாராக நின்றது. நான் கம்பத்தில் என் இடத்தில் தொங்கினேன். கீழே, வாய்க்கு எட்டும் தூரத்தில், தொன்னை நிறைய ஈசல். விழாவுக்காக இன்று கொஞ்சம் கூடுதல்.

மொண்ணையன் வந்தது. நடந்து பழக்கமில்லாத குட்டைக் காலால் தட்டுத்தடுமாறி வந்தது. வாசலில் பேட்ஜ் குத்திய ஓர் ஓணான் மறித்தது.

"முன்வரிசை ஆதிமுதலையோட வாரிசுங்களுக்கு மட்டும்தான். பாஸ் இருக்கா?"

"நானே அந்த முதலைதாங்க."

"இங்க எல்லாரும் அப்படித்தான் சொல்லிக்கிட்டு வர்றாங்க. வரிசையில வாங்க."

வரிசையில் நின்றது. எதற்கென்றே தெரியாமல் அதன் பின்னால் இரண்டு தவளைகளும் நின்றன. தலைவர் பேசிப் பேசி, தண்ணீர் குடிக்க மைக்கை விட்ட ஒரு நொடியில், மொண்ணையன் மேடையேறிவிட்டது.

"வணக்கமுங்க. நான்தான் நீங்க சொல்ற முதலை. அழியல, உயிரோட இருக்கேன். அந்தக் குட்டைலதான் இருக்கேன். மண்டபம் வேணாங்க. குட்டைய மட்டும் விட்டுடுங்க."

கூட்டம் என் பக்கம் திரும்பியது. இப்போது நான் ச்சு கொட்ட வேண்டும். வாயைத் திறந்தேன். தலைவர் என் பக்கம் பார்த்து நாக்கை ஒருதரம் நீட்டி இழுத்துக்கொண்டார். உடும்பு பல்லியைத் தின்னும் என்பதை நான் உங்களிடம் இன்னும் சொல்லவில்லை. சங்கத்தில் இருக்கிற ஒரே காரணத்துக்காகத்தான் என்னைத் தின்னாமல் வைத்திருந்தார். என் தொண்டையிலிருந்து காற்று வந்தது, சத்தம் வரவில்லை. சத்தியவாக்கு வாயைத் திறந்தபடி அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. தூரத்திலிருந்து பார்த்தவர்கள் நான் கொட்டாவி விடுவதாக நினைத்தார்களாம்.

அரணை எழுந்தது. "ஆதிமுதலைக்கு அறுபது அடி. உனக்கு?"

"நீங்களே பாக்கறீங்களே."

"யானை தின்னுவியா?"

"நத்தைங்க."

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. ஓணான்கள் தலையாட்டிக்கொண்டே சிரித்தன. உடும்பரசர் மட்டும் சிரிக்கவில்லை. மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு, மொண்ணையனின் காதோரம் குனிந்தார். கம்பத்தில் இருந்ததால் எனக்குக் கேட்டது.

"ஐயா, நீங்க நெஜமாவே அவராத்தான் இருப்பீங்க. எனக்குப் புரியுது. ஆனா நத்தை திங்கற, பெஞ்சு நீளத்துல ஒரு தாத்தாவ வச்சிக்கிட்டு, நாளைக்கு நான் யானைச் சங்கத்து முன்னால எப்படி நிமிந்து நிக்கறது? எங்க புள்ளைங்கள விளக்குமாத்தால அடிக்கறாங்கய்யா. அதுங்க ராத்திரி படுக்கும்போது நெனச்சுக்க அறுபது அடி வேணும்."

மொண்ணையன் கொஞ்சம் யோசித்தது. "அதுவும் நியாயந்தாங்க" என்றது.

திரும்பும்போதுதான் அது கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தது. பக்கத்தில் போய், குட்டை மூக்கைக் கண்ணாடியில் வைத்தது.

"இது எங்கப்பா."

"அது சுண்டுவிரல் நுனி" என்றது அரணை.

"தாடைங்க. கடைசிப் பல்லு கொஞ்சம் உடைஞ்சிருக்கு பாருங்க. கல்லுன்னு தெரியாம நத்தைன்னு கடிச்சுட்டாரு. அம்மா ரெண்டு நாள் சிரிச்சா."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. மொண்ணையன் மைக்கின் முன்னால் மறுபடி வந்து நின்றது.

"சரிங்க. நான் ஒண்ணும் இல்ல. ஆதிமுதலை அழிஞ்சு போச்சு. அப்பா, அம்மா, தாத்தா, எல்லாரும் அந்தக் குட்டைச் சேத்துலதான் கெடக்கறாங்க. அதுதான் அவங்க சமாதி. அது மேல நீங்க மண்ணக் கொட்டிக்குங்க."

"ச்சு ச்சு ச்சு!"

சத்தியமாகச் சொல்கிறேன், அது நான் கொட்டியதல்ல. தானாக வந்தது. அழுகையா, பயத்தில் அவசர அவசரமாக விழுங்கிய ஈசல் புரையேறியதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் ஒலிபெருக்கி அதை வாங்கிக் காடு முழுக்கக் கொண்டு போய்விட்டது. பிறகு கூட்டம் மொத்தமும் தரையைத் தட்டியது.

"பல்லி சொல்லிடுச்சு! சமாதின்னு பல்லி சொல்லிடுச்சு!"

பெருச்சாளி கையிலிருந்த கூடையைக் கீழே போட்டது. "சமாதி மேலயா மண்ணு கொட்டச் சொன்னீங்க? நான் புள்ளகுட்டிக்காரன். ஆள விடுங்க சாமி!" என்று ஆட்களோடு ஓடியே போய்விட்டது.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். தலைவர் இப்போது என்னைத் தின்றுவிடுவார் என்றுதான் நினைத்தேன். ஆனால் உடும்பரசர் சும்மா ஒன்றும் தலைவராகிவிடவில்லை. மைக்கைப் பிடித்தார்.

"செதிலினச் சொந்தங்களே! மண்டபத்துக்கு இடம் தேடிக்கிட்டிருந்த நமக்கு, ஆதிமுதலையே தன்னோட சமாதியைக் காட்டிக் கொடுத்துட்டார்! இனிமே அந்தக் குட்டைதான் மணிமண்டபம்! ஒரு கைப்பிடி மண்ணு விழக்கூடாது! ஒருத்தரும் கால் வைக்கக்கூடாது!"

"ச்சு!" என்றேன். இந்தத் தடவை மனதாரச் சொன்னேன்.

"நத்தையைப் பத்தி ஒரு சந்தேகம்..." என்று இழுத்தது அரணை.

"யானையைத் தின்னுட்டு, வாய் நமநமன்னு இருக்கும்போது கொறிக்கறதுக்கு!" என்றார் தலைவர். "அதனால வருஷா வருஷம் நத்தை படையல்!"

ஓணான் தலையாட்டியது. தீர்மானம் நிறைவேறியது.

கூட்டம் கலைந்த பிறகு மொண்ணையன் குட்டைக்கே திரும்பிப் போனது. எதிரில் வந்த எதுவும் அதைத் தடுக்கவில்லை, கும்பிடவும் இல்லை. அழிந்துபோன ஒன்றை யார் கவனிப்பார்கள்? தண்ணீரில் இறங்குமுன் என்னைப் பார்த்து, "நீங்க சொன்ன சொல்லக் காப்பாத்திட்டீங்க" என்றது. புரையேறிய விஷயத்தை நான் சொல்லவில்லை. பதவியில் இருப்பவன் எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

அதன் பிறகு ஆதிமுதலை அவர்கள் நலமாக இருக்கிறார். ஆமாம், 'அவர்கள்'தான். அழிந்தவர்களை மரியாதையில்லாமல் பேசுவது எங்கள் பேரவையில் குற்றம். எருமைகள் குட்டையைக் கலக்குவதில்லை. நீளமூக்கு முதலைகள் அந்தப் பக்கம் வந்தால் கும்பிட்டுவிட்டுப் போகின்றன. படையலன்று கூடை கூடையாக நத்தை விழுகிறது. அவர் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று, கூட்டம் நடக்கும்போது தலையைத் தூக்கக்கூடாது. மூக்குத் துவாரம் மட்டும் வெளியே தெரிய, தண்ணீருக்குள் இருந்தபடியே தன் புகழைக் கேட்டுக்கொள்வார்.

முதல் வருஷம் பேச்சைக் கேட்டுத் தண்ணீருக்குள்ளேயே குலுங்கிச் சிரித்தார். குமிழி குமிழியாக வந்தது. பக்தர்கள் அதை அற்புதம் என்றார்கள். அடுத்த வருஷம் கூட்டம் முடிந்ததும் என்னைக் கூப்பிட்டு, "எண்பது அடி கொஞ்சம் ஜாஸ்தி இல்லீங்களா?" என்று கேட்டார்.

இந்த வருஷம் பேச்சில் நூறடி. இரண்டு யானை. கூட்டம் போன பிறகு நான் அவர் மூக்கின் மேல் போய் உட்கார்ந்தேன். இப்போதெல்லாம் கூசுகிறது என்று அவர் சொல்வதில்லை. படையல் நத்தைகளை எதிரில் வைத்துக்கொண்டு, தொடாமல், கரையில் இருக்கும் கண்ணாடிப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணு கேக்கலாமுங்களா?"

"கேளுங்க."

"எங்கப்பாவ நான் கடைசிக் காலத்துலதானே பாத்தேன். எனக்கு வெவரம் தெரியறதுக்கு முன்னாடி... அவரு யானை தின்னுருப்பாரோ?"

அவர் முகத்தைப் பார்த்தேன். அந்தக் குட்டையில் அவரை இன்னார் மகன் என்று கூப்பிடவும் ஆளில்லை, அப்பாவைப் பற்றிப் பேசவும் ஆளில்லை. எனக்குத் தெரிந்த வேலை ஒன்றுதானே?

"ச்சு ச்சு" என்றேன்.

ஆதிமுதலை குட்டை விரலைத் தூக்கித் தண்ணீரை மூன்று தரம் தட்டினார். கண்ணிலிருந்து நீர் வழிந்தது. முதலைக் கண்ணீர் என்று கேலி பேசுகிறவர்கள் அன்று வந்து பார்த்திருக்க வேண்டும். பிறகு ஒரு நத்தையை எடுத்து, யானையைக் கடிப்பது போல வாயை முழுதாகத் திறந்து, 'கடக்' என்று கடித்தார்.

எனக்கும், சொல்லிய பிறகு, அவருடைய அப்பா ஒன்றிரண்டு யானையாவது தின்றிருப்பார் என்றுதான் தோன்றியது.

நீதி: உயிரோடு இருந்து ஒரு குட்டையைக் கேட்டால் கிடைக்காது. ஆகையால், நீண்ட நாள் வாழ விரும்புகிறவர்கள் முதலில் அழிந்துபோய்விடுவது நல்லது. அழியும்போது பக்கத்தில் ஒரு பல்லியும், பல்லியின் வாயில் ஓர் ஈசலும் இருக்கும்படி பார்த்துக்கொள்ளவும்.